பதினெட்டு அடிக்கு அப்பால் ஒருவன்

“ஐயா, இவருக்கு முகம் போடவா?”

ஸ்டூடியோவில் இருந்த பெண்பிள்ளை இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே விளங்கவில்லை. கணினித் திரையில் என் பழைய நெகட்டிவ் பெரிதாகி நின்றது. மேலே மழை வானம், நடுவில் மட்டக்களப்பு வாவி, தண்ணீரோரம் ஓர் ஆள். கையும் காலும் சட்டையும் இருந்தன. கண், மூக்கு, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்தது போல ஒரு வெளிறல். இப்போதெல்லாம் கலங்கிய முகத்தைக் கணினியே தெளிவாக்கித் தருமாம். மூன்று நிமிடம் போதுமாம்.

நெகட்டிவ் கிடந்த பிஸ்கட் தகரத்தில் பூச்சி உருண்டை வாசம் அடித்தது. நான்கு போட்டிருந்தேன், ஒன்றுதான் மிச்சம், அதுவும் மிளகளவு. இந்த வாசம் வந்தால் நான் வேலை பார்த்த நீர்ப்பாசனக் கந்தோரின் இரும்பு அலுமாரி ஞாபகம் வரும். என் கெமராவை அதற்குள்தான் வைத்திருந்தேன், வறுத்த அரிசிப் பொட்டலம் ஒன்றோடு. வாவியோர ஈரம் லென்ஸுக்குள் புகுந்து பூஞ்சணம் பிடிக்கும். அரிசி அதை உறிஞ்சிக்கொள்ளும். பதினான்கு நாளுக்கு ஒருமுறை அரிசியை மாற்றுவேன். பக்கத்து மேசை ரவூப் விடமாட்டான்.

“பாருங்க, நம்மட கிளாக்கர் கெமராவுக்குச் சோறு போடுறார். கறி ஒண்டும் இல்லையா மச்சான்?”

ரவூப் காத்தான்குடி ஆள். கந்தோரில் எனக்கு நண்பன் அவன் ஒருவன்தான். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவனுக்குச் சவூதி விசா வந்தது. போகுமுன் ஒரு படம் கேட்டான். ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் எடுப்பது வேண்டாமாம்.

“அங்க மணல் மட்டும்தானாம் மச்சான். அக்கரைத் தென்னையும் தெரியணும், ஆறும் தெரியணும், நானும் தெரியணும். ஒண்டும் கலங்கக்கூடாது.” வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

கேட்பது சுலபம். கிட்டவும் தூரவும் ஒன்றாகத் தெளிய வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. கூட நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஆள் அசையக்கூடாது. ரவூப் அசையாமல் நின்று நான் கண்டதில்லை. போதாததற்கு, அரிசி போட்டும் பூஞ்சணம் ஏறி, கண் வைத்துத் தெளிவு பார்க்கும் கண்ணாடிப் பொட்டு என் கெமராவில் மங்கியிருந்தது. தூரத்தை அளந்துதான் லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே முந்தின நாள் பின்னேரம் தனியே போனேன். முக்காலி நிற்கும் இடத்தில் ஒரு கட்டை நட்டு, தண்ணீர் விளிம்புவரை நாடா பிடித்தேன். பதினெட்டு அடி. துவாரத்தை நன்றாகச் சுருக்கிப் பதினாறாம் எண்ணில் வைத்தால், ஒன்பதடியிலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவாக வரும். வளையத்தைப் பதினெட்டில் வைத்து, நழுவாமல் பிளாஸ்டர் ஒட்டினேன். அவன் தண்ணீர் விளிம்பில் வந்து நின்றால் போதும்.

அன்று அந்தியில்தான், வயல் வட்டைக்குள் வெள்ளம் நின்று நெல் அழுகுகிறதென்று முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டார்கள். வாவி கடலுக்குள் இறங்கத் தொடங்கியது. எனக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது. வாவியின் நீர்மட்டம் பார்த்து எழுதுவதே என் வேலை. விடிந்ததும் அளவுப் பலகையைப் பார்த்து, ஓரடி ஏழங்குலம் இறக்கம் என்று என் கையால் பதிந்துவிட்டுத்தான் கெமராவோடு போனேன். பலகையில் இறங்கிய தண்ணீர் கரையிலும் விலகியிருக்கும் என்று இந்தப் படித்த மண்டைக்குத் தோன்றவில்லை.

வானம் இருண்டு கிடந்தது. பதினாறில் வைத்தால் அரை விநாடி வேண்டும். காற்று வேறு. அவன் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். பதற்றத்தில் துவாரத்தை இரண்டுக்கு, முழுதாகவே, திறந்துவிட்டேன். அக்கரை போனால் போகட்டும், ஆளாவது தெளியட்டும். இனித் தெளிவு பதினெட்டுக்கு முன்னே இரண்டடி, பின்னே இரண்டரை அடி.

“தண்ணி தொடுற இடத்தில நில்லு!”

புதுச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தான். நடந்துகொண்டே போனான்.

“மச்சான், ஆறு எங்கயோ போயிட்டு! இன்னும் போறதா?”

“கதையாத! இந்தப் பக்கம் கிறுகி நில்லு! எண்ணப்போறன்!”

மூன்றுவரை எண்ணி அழுத்தினேன்.

படத்தில் பதினெட்டாவது அடி அற்புதமாக வந்திருந்தது. முந்தின நாள் தண்ணீர் நின்ற கோடு, செத்த பாசி, சேற்றில் ரவூப்பின் காலடி இரண்டு. விரல்களை எண்ணலாம். ஆள் நாற்பதடியில் நின்றான்.

போன இடத்திலிருந்து, படம் எப்படி என்று எழுதிக் கேட்டான். நன்றாக வந்திருக்கிறது, நீ வந்து பார் என்று பதில் போட்டேன். வந்ததும் இன்னொன்று எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். இரண்டாம் வருடம் காய்ச்சலில் அங்கேயே மௌத்தானான், அங்கேயே அடக்கினார்கள். வீட்டில் இருந்த படங்களைச் சுனாமி கொண்டுபோனது. போன மாதம் அவன் மனைவியும் மௌத்தானபின், அவன் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். தகப்பன் போனபோது அவளுக்கு இரண்டு வயது.

“மாமா, வாப்பாட படம் ஒண்டாவது உங்களிட்ட இருக்கா?”

அதற்காகத்தான் ஸ்டூடியோவுக்கு வந்தேன். பிள்ளை பொத்தானை அழுத்தினாள். முகம் வந்தது. நல்ல முகம், இமைமயிர்கூட எண்ணலாம். “சரியா ஐயா?” என்றாள். நான் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்க்கவே இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்று முகங்களை வரிசையாக வைத்து, “இதில எவர்?” என்றாள்.

மூன்றும் அவனாக இருக்கலாம். அவன் குரல் என்னிடம் இருக்கிறது, நடை இருக்கிறது, அடிக்கணக்கு இருக்கிறது. முகத்தைத் தேடினால் அந்த வெளிறல்தான் வருகிறது. எத்தனையோ வருடம் அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, மற்றதெல்லாம் அழிந்துவிட்டது போலும்.

“வேணாம் பிள்ள. உள்ளபடியே போடு.”

அதை இன்று காலை மகளிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

“என்ட மூக்கு வாப்பாட மூக்காம், உம்மா சொல்லுவா. மெய்தானா மாமா?”

யன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டடித் தூரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓம் என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

“தெரியல்ல மகள்.”

“பரவால்ல மாமா. இருங்க, தேத்தண்ணி போட்டுட்டு வாறன்.”

அவள் உள்ளே போனாள். அவன் முகத்தைக் கண்டவர்களில் எனக்குத் தெரிந்து யார் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று விரல் மடக்கி எண்ணத் தொடங்கினேன். முதல் விரல் நான். இரண்டாவது விரலுக்கு ஆள் இல்லை.