மூணு இருபதுக்கு ஒரு அட்டெண்டன்ஸ்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். போன மாதம் என் மகளிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. "எழுதிக்கோம்மா. ஆனா கூட்டிக் குறைச்சு எழுதாத. நடந்தது போதும்" என்றாள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கீழே உள்ள நேரங்கள் எல்லாம் அந்த வாரமே நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தவை. படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்த பிறகு விளக்கை அணைத்துப் பாருங்கள்.

அப்போது நான் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் வார்டன். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில்தான். எட்டு வயது மகளோடு தனியாக ஒரு வீடு எடுத்து இருப்பதைவிட, தங்க இடமும் கொடுத்து வேலையும் கொடுக்கிறார்களே என்று சேர்ந்துவிட்டேன். விடுதிக்கு மூன்று மாடி. நாற்பத்தெட்டு அறை. அறைக்கு இரண்டு பேர். எனக்குக் கீழ்த்தளத்தின் ஒரு கோடியில் ஒரு படுக்கையறையும் சின்ன சமையலறையும். மாடிப்படி அடுத்த கோடியில். அதன் அடியில் ஒரு கிரில் கேட்.

இரவு ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ். ஒவ்வொரு கதவையும் மூன்று தடவை தட்டுவேன். "எத்தனை பேர் இருக்கீங்க?" என்பேன். "ரெண்டு பேர் மேடம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கதவு திறக்கும், முகத்தைப் பார்ப்பேன், ரெஜிஸ்டரில் ஒரு டிக். எனக்கு 'டிக் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. வைத்தவள் யார் என்பதுகூடத் தெரியும். முன்னூற்றுப் பதினொன்றாம் அறையில் இருந்த பெண். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள், எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் மூடாது. கூட இருந்தவள் கல்யாணமாகிப் போனதால் அந்த அறையில் தனியாக இருந்தாள்.

பத்து மணிக்குக் கிரில் கேட்டைப் பூட்டிவிடுவேன். அதற்குப் பிறகு யாரும் மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சாப்பாட்டு ஹாலில் கண்ணாடி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், உங்களுக்குத் தூக்கமே வராதா?"

"ஏன்?"

"மூணு இருபதுக்கு வந்து கதவைத் தட்டறீங்க. ஒன்பதரைக்கு எண்ணினது பத்தலையா? நாங்க என்ன இறக்கை முளைச்சா பறந்துடப் போறோம்?"

நான் சிரித்தேன். "கனவுலயும் நான்தான் வர்றேனா?"

அவள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண் அவள்.

புதன்கிழமை இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். வியாழக்கிழமை பதினொரு பேர். எல்லோரும் சொன்னது ஒன்றே. மணி மூணு இருபது. மூன்று தட்டு. "எத்தனை பேர் இருக்கீங்க?" என் குரல். "கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு மேடம்" என்றாள் ஒருத்தி. படுத்தபடியே பதில் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி என் அறைக்கு வந்தாள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"நேத்தும் வந்தீங்க மேடம். ஒருத்தர்தான்னு சொன்னேன். நீங்க போகல."

"அப்புறம்?"

"'ஒருத்தர்தானா? நல்லாப் பாத்துச் சொல்லு'ன்னீங்க."

"நீ என்ன பண்ணின?"

"பாத்தேன் மேடம். கட்டிலுக்கு அடியிலகூடப் பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அவளைப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். முன்னூற்றுப் பதினொன்றை நானே பூட்டுப் போட்டுப் பூட்டினேன்.

சனிக்கிழமை பிரின்ஸிபால் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். யாரோ ஒரு அப்பா போன் செய்து கத்தியிருக்கிறார்.

"நடுராத்திரியில பிள்ளைங்களை எழுப்பச் சொல்லி யார் சொன்னது?"

"நான் எழுப்பல மேடம். கேட் பூட்டித்தான் இருக்கு."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

என்னிடம்தான் இருந்தது.

"இன்னொரு போன் வந்துச்சுன்னா நீங்க வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்" என்றார்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தானோ? தூக்கத்தில் எழுந்து நடக்கிறேனோ? அப்படி நடப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கணவரிடம் பேசலாம் என்றால் கப்பலுக்கு லைன் கிடைக்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தோடு வாசல் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அங்கே ஒரு சின்னக் கூண்டில் இருப்பார்.

"அண்ணே, இது உங்ககிட்டயே இருக்கட்டும். விடியற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க. நானே வந்து கேட்டாலும்."

"நீங்களே கேட்டாலுமா?"

"நானே கேட்டாலும்."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் தூங்கிவிட்டாள். பக்கத்தில் படுத்தேன். கண்ணை மூடவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி. இரண்டரை. மூணு. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்தேன்.

மூணு இருபது.

டக். டக். டக்.

எங்கள் கூரைக்கு மேலே. முதல் மாடி.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

உங்கள் குரலை நீங்களே வெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்களா? டேப்பில் கேட்டால்கூட கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. அப்படியே நான். 'இருக்கீங்க'வில் கடைசி எழுத்தை நான் இழுக்கிற இழுப்புகூட...

நான் படுத்திருக்கிறேன். என் வாய் மூடியிருக்கிறது.

மகளைப் பார்த்தேன். நல்ல தூக்கம். சத்தமில்லாமல் எழுந்தேன். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வாசல் கேட்டுக்கு ஓடினேன்.

வாட்ச்மேன் கூண்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார்.

"மேடம்... நீங்க இங்க நிக்கிறீங்க. அப்ப மேல யாரு?"

"சாவி குடுங்கண்ணே."

யோசிக்கவே இல்லை, கொடுத்துவிட்டார்.

"வாங்க, பாக்கலாம்."

"கால் வரல மேடம். மன்னிச்சுக்குங்க."

அவர்மேல் கோபம் இல்லை. எனக்கும் கால் வரவில்லை. ஆனால் மேலே இருந்தது தொண்ணூற்றைந்து பெண் பிள்ளைகள். பெற்றவர்கள் என்னை நம்பி விட்டுவிட்டுப் போன பிள்ளைகள்.

கிரில் கேட்டைத் திறந்தேன். திறந்தே வைத்துவிட்டு டார்ச்சோடு ஏறினேன்.

முதல் மாடி. யாருமில்லை. குரல் இரண்டாவது மாடியில் கேட்டது.

இரண்டாவது மாடி. யாருமில்லை. குரல் மூன்றாவது மாடியில்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர் மேடம்..." தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண்.

மூன்றாவது மாடி. மணி மூணு இருபத்தெட்டு. நீளமான வராந்தா. நடுவில் ஒரே ஒரு டியூப்லைட். டார்ச்சைக் கோடிவரை அடித்தேன்.

காலியாக இருந்தது.

டக். டக். டக்.

முன்னூற்றுப் பதினொன்று. நான் பூட்டிய அறை.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

குரல் அந்தக் கதவுக்கு முன்னால் கேட்கிறது. கதவுக்கு முன்னால் ஆள் இல்லை. பூட்டு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

இப்போது அந்தக் குரல் என்னைப் போல இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

பிறகு ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பூட்டு ஆடுவது நின்றது.

அப்புறம்... ரொம்பக் கீழே...

டக். டக். டக்.

கீழ்த்தளத்தில் ஆள் தூங்குகிற அறை ஒன்றுதான்.

ஓடினேன். படியில் செருப்பு கழன்றது. டார்ச் உருண்டு போனது. கடைசிப் படிக்கு வந்தேன்.

கிரில் கேட் சாத்தியிருந்தது.

பூட்டியிருந்தது.

கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டைத் தேடினேன். சாவி உள்ளே போகவில்லை. அடுத்த சாவி. அதுவும் இல்லை.

வராந்தாவின் அந்தக் கோடியில், இருட்டில், என் குரல்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

என் மகள் பதில் சொன்னாள். தெளிவாக.

"ரெண்டு பேர்."

கை நின்றுவிட்டது.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே அவள் எங்கே பார்க்கிறாள்... எதைப் பார்க்கிறாள்...

"ஆமா. ரெண்டு பேர்."

"சரி, கண்ணு" என்றது குரல்.

நான் அவளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாளும் 'கண்ணு' என்று கூப்பிட்டதில்லை.

அந்த நொடியில் சாவி உள்ளே போனது. பூட்டு திறந்தது. ஓடினேன். என் அறைத் தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. இழுத்துத் திறந்து விளக்கைப் போட்டேன். மூணு நாற்பத்தைந்து.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பயந்த மாதிரி இல்லை.

"பாப்பா... யாரு ரெண்டு பேர்?"

"நானும் நீயும்."

"நான் மேல போயிருந்தேனே."

என்னைப் பார்த்தாள். பக்கத்துத் தலையணையைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"இல்லம்மா. நீ இங்கதான் படுத்திருந்த. சுவத்தைப் பாத்துக்கிட்டு. இப்பதானே எழுந்த..."

நான் எழுந்து போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

படுக்கையைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

மகளை அப்படியே தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் கூண்டுக்கு வந்தேன். விடியும்வரை அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. வாட்ச்மேன் டீ வாங்கி வந்து கொடுத்தார், அவ்வளவுதான். திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி கடிதம் போட்டிருந்தாள். நான் போன பிறகு யாரும் ராத்திரியில் கதவைத் தட்டவில்லையாம். 'புது மேடம் ஒன்பதரைக்குக்கூடச் சரியா வர்றதில்லை' என்று எழுதியிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் அந்தக் கல்லூரி ஆபீஸில் இருந்த அக்காவைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் அங்கேயே வேலை பார்த்து ரிட்டயரானவர். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, சொல்லாம கொள்ளாம அப்படிப் போயிட்ட?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சொன்ன பதில்வரை வந்ததும் என் கையை விட்டுவிட்டார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு மேல ஹாஸ்டல் தீப்பிடிச்சுது" என்றார். "உனக்கு யாரும் சொல்லல, இல்ல? சொல்ல மாட்டாங்க. அப்ப இருந்த வார்டனுக்கும் உன் வயசுதான். புகையில ஒவ்வொரு கதவா தட்டினாங்களாம். எத்தனை பேர், எத்தனை பேர்னு கேட்டுக் கேட்டு வெளிய அனுப்பினாங்க. எண்பத்தாறு பொண்ணுங்க. அத்தனை பேரும் மைதானத்துக்கு வந்தாச்சு. யாருக்கும் ஒரு சின்னக் காயம் இல்ல."

"அப்போ யாரும் சாகலையா?"

"ரெஜிஸ்டர்ல இருந்தவங்க யாரும் சாகல."

எனக்குப் புரியவில்லை. அவர் மூடிய கண்ணோடு பேசிக்கொண்டே போனார்.

"தீயணைப்பு ஆபீசர் வந்து, உள்ள யாராவது பாக்கி இருக்காங்களான்னு கேட்டாரு. அவங்க ரெஜிஸ்டரைப் பாத்தாங்க. ஒருதடவைக்கு ரெண்டு தடவை எண்ணினாங்க. 'இல்ல சார், எல்லாரும் வந்தாச்சு'ன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னேன். சொல்லி முடிச்ச அப்புறம்தான் அவங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. கீழ அவங்க ரூம்ல, தூங்கிட்டிருந்த பொண்ணு... ஏழோ எட்டோ வயசு. வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு மேல ஓடியிருக்காங்க."

நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா அசையவில்லை.

"அதுக்கப்புறம் பதினொரு வருஷம் அண்ணன் வீட்டுல இருந்து செத்துப்போனாங்க. அந்தப் பதினொரு வருஷத்துல வாயைத் திறக்கவே இல்ல. 'எல்லாரும் வந்தாச்சு'ன்னு சொன்னாங்களே... அதுதான் அவங்க கடைசியாப் பேசினது."