முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல்

மில்லர்புரத்தில் இருக்கும் பாண்டித்துரைக்குப் பேக்கரியில் வேலை. மத்தியானம் போனால் வீடு திரும்ப ராத்திரி பதினொன்றரை ஆகிவிடும். மகள் சந்தனச்செல்வி காலையில் பள்ளிக்கூட வேன் ஏறும்போது அவர் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் பள்ளிக்கூட நாட்களில் அப்பனும் மகளும் முகம் பார்த்துக்கொள்ள அவர்களாக உண்டாக்கிக்கொண்ட நேரம் அந்தப் பதினொன்றரைதான்.

வாசலை ஒட்டிப் பாய் விரித்து அவள் காத்திருப்பாள். கடையில் உடைந்துபோன முந்திரி மக்ரூன் இனிப்புகளை அவர் பொட்டலத்தில் கொண்டுவருவார். தின்றுகொண்டே அன்றைய பள்ளிக்கூடத்தை ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை ஆகும். வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? பாண்டித்துரையும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பிள்ளைதான் வளரவில்லை. ஐந்தாம் வகுப்பு வந்தும் பிரேயர் வரிசையில் அவள்தான் முதல் ஆள். வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று அம்மா உமாராணி பாவாடையில் மடித்துத் தைத்த விளிம்பு இரண்டு வருடமாக அப்படியே இருந்தது.

உமாராணி குற்றவாளியை வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தாள். செல்வி வாசலோரப் பாயிலேயே கண்ணயர்ந்துவிடும் நாட்களில் அவளைத் தாண்டாமல் பாண்டித்துரை உள்ளே வர முடியாது. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது வளருமா? தாண்டியவரே திரும்பத் தாண்டினால் தோஷம் போய்விடும் என்பதால், நாற்பத்திரண்டு வயதுக்காரர் இருட்டில் காலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிக்கொண்டிருந்தார். தோஷம் போனதோ என்னவோ, இடுப்பு பிடித்துக்கொண்டது.

கடைசியில் விஜிலா டாக்டரிடம் போனார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். பிறகு எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். பாண்டித்துரை பெருமையாகவே மக்ரூன் கதையைச் சொன்னார்.

"அண்ணாச்சி, வளரச் செய்யுத ஹார்மோன் நல்லா அசந்து தூங்கும்போதுதான் அதிகமாச் சுரக்கும். நீங்க அந்தத் தூக்கத்தைக் குறைச்சுட்டு, படுக்கும்போது இனிப்பும் கொடுக்கீங்க. அது சுரப்பை இன்னும் மட்டுப்படுத்தும். இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். முதல்ல இதை மாத்திப் பாப்போம்."

அன்றோடு எல்லாம் மாறிற்று. ஏழு மணிக்கு முட்டையும் பருப்பும் மீனுமாகச் சாப்பாடு. ஒன்பதுக்குச் செல்வி உள்அறையில் தூங்கிவிடுவாள். வாசலோரப் பாய் பாண்டித்துரைக்கு வந்தது.

அவர் வந்து அறை வாசலில் நின்று பார்ப்பார். எழுப்பி ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று நாக்கு துடிக்கும். பிள்ளை இந்த நிமிஷம் வளர்ந்துகொண்டிருக்குமே என்று விலகிவிடுவார். இன்றைக்கு என்ன சொன்னாள் என்று உமாராணியைக் கேட்டால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள். மகள் அதையே முக்கால் மணி நேரம் சொல்லியிருப்பாள். லீவு நாளில் கேட்டாலோ, எல்லாம் மறந்துபோச்சு என்று சிரிப்பாள். மகள் இருக்கும் வீட்டிலேயே மகளுக்காக ஏங்கினார் அவர்.

ஆறு மாதத்தில் உமாராணி பாவாடை விளிம்பைப் பிரித்தாள். அன்றுதான் இன்னொன்றும் சொன்னாள். வேன் வருவதற்கு முன்னால் செல்வி தினமும் அவர் பக்கத்தில் தலைக்குத் தலை சேர்த்துப் படுத்து, தன் கால் எதுவரைக்கும் வருகிறது என்று பார்க்கிறாளாம்; முதலில் அவர் முழங்காலோடு நின்றதாம். தூங்கினால்தான் வளரலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் பெரியவர்களுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை யாரும் எழுப்பக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

மறுநாள் காலை பாண்டித்துரை முன்னதாகவே விழித்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பாய் சரசரத்தது. தேங்காய் எண்ணெய் வாசம் கிட்டே வந்தது. முன்பு முழங்காலோடு நின்றிருந்த பாதம் இப்போது அதற்குக் கீழே குளிர்ச்சியாகப் பட்டது. எழுந்து உட்கார்ந்து அவள் விரல் வைத்து அளந்தாள். இரண்டு விரல். கண்ணைத் திறந்தால் அந்த முகம் ஒரு முழத் தூரத்தில் இருக்கும். ஆறு மாதமாக அவர் ஆசைப்பட்டது அதற்குத்தான். திறந்தால் இவ்வளவு நாளும் அவள் காத்துவந்தது கலைந்துவிடுமே என்று மூடியே கிடந்தார்.

வேன் ஹாரன் அடித்தது. உமாராணி அடுப்படியிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டாள்.

"சத்தம் போடாதம்மா. அப்பா வளந்துகிட்டு இருக்காங்க."

பையை எடுத்துக்கொண்டு செல்வி வாசலுக்கு வந்தாள். குறுக்கே அப்பா படுத்திருந்தார். அவரைத் தாண்டாமல், சுவரோடு ஒட்டி ஒடுங்கி, கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.