பணியக்கணக்கு, நாலாம் லயம்

எனக்குப் பூரணியைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வம்பில்லை. தலவாக்கலை டவுனில் நான் வேலை செய்யும் கொரியர் கிளைக்கு வாரத்தில் மூன்று நாள் வருவாள். தோளில் ஒரு உரப்பை, கையில் ஒரு உரப்பை, இரண்டிலும் உடுப்புப் பார்சல்கள். வரிசையில் நிற்கிறவர்களை இடித்துக்கொண்டு வந்து கவுன்டரில் பைகளைப் போட்டுவிட்டு, நான் நிமிர்வதற்குள் தொடங்கிவிடுவாள்.

"வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் குடுப்போம்னு போட்டிருக்கீங்களே மிஸ், அது லயத்து வாசலா, தோட்டத்து கேட்டா? அத மொதல்ல சொல்லுங்க."

அந்த 'மிஸ்'ஸில் ஒரு சொட்டு மரியாதை கிடையாது. அவளுக்கும் என் வயதுதான், முப்பத்திரண்டு. கட்டுநாயக்காவில் ஏழு வருஷம் கார்மென்ட்ஸ் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பியவள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகமாட்டேன் என்று, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் கங்காணியின் முகத்துக்கு நேரே சொன்னாளாம். லயத்துக் காம்பராவில், வரிசை வீடுகளில் தனக்குள்ள ஒற்றை அறையில், கயிறு கட்டி, சுரிதாரும் நைட்டியும் தொங்கவிட்டு, போனில் படம் எடுத்துப் போட்டு விற்கிறாள். வாங்குகிறவர்கள் எல்லாம் தோட்டத்துப் பெண்கள். டவுன்காரிகள் கேட்டால்கூட, இருந்தால் தருகிறேன் என்று இழுப்பாள்.

உடுப்பு விற்பதைவிட அனுப்புவதில்தான் அவளுக்கு வெறி. ஒரு கொப்பி வைத்திருந்தாள். எந்தத் தோட்டத்துக்கு எந்த வழி என்று அதில் எழுதியிருக்கும். இந்தத் தோட்டத்துக்குத் தபால் போதும், தபால்காரர் லயத்துக்கே ஏறுவார். அந்தத் தோட்டத்தில் ஆபீஸ்காரர்கள் பார்சலை ஒரு வாரம் மேசைக்கடியில் போட்டுவைப்பார்கள், அதனால் பஸ்ஸில் கொடுத்துச் சந்திக் கடையில் இறக்க வேண்டும். மழைக்காலத்தில் பஸ் கூடாது, சாமான் பெட்டியில் தண்ணீர் நிற்கும். அவசரம் என்றால் மட்டும் கொரியர். அதற்கும் ஆயிரம் சட்டம் போடுவாள்.

"பகல்ல போன் அடிக்க வேணாம்னு பார்சல் கொண்டுபோற ஒங்க பையனுக்குச் சொல்லுங்க. மலையில நிக்கிறப்ப யாரு எடுப்பா? சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிஞ்சாப் பெறகு அடிக்கச் சொல்லுங்க. ரெண்டு தரம் அடிச்சிட்டு, ஆள் இல்லன்னு திருப்பி அனுப்புறது என்னா பொழப்பு?"

அதைப் பதிவதற்கு எங்கள் கம்பியூட்டரில் இடமில்லை. இல்லை என்றால் கேட்கமாட்டாள். லேபலில் பேனையால் எழுது என்பாள். நான் எழுதமாட்டேன். அவளே பிடுங்கி எழுதுவாள். எத்தனை நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது!

அந்தப் புதன்கிழமை அவள் ஒரே ஒரு பார்சலோடு வந்தாள். பூண்டுலோயாப் பக்கம் ரொக்ஸ்டன் தோட்டத்தில் வீரம்மா என்ற பெண்ணின் வயதுக்கு வந்த மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சடங்கு. மயில் கழுத்து நிறத்தில் பாவாடை தாவணி. போனில் அளவு கேட்டு, இடுப்பையும் கையையும் பூரணியே பிடித்துத் தைத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு வேறு உடுப்புக் கிடையாது, இதை நம்பித்தான் இருக்கிறார்கள் என்றாள்.

"பஸ்ல குடுத்தா நனைஞ்சிரும். தபால் திங்கக்கெழமதான் போகும். அதுனாலதான் ஒங்ககிட்ட வந்தேன், ஆசைப்பட்டு வரல. வெள்ளிக்கெழமைக்குள்ள போயிருமா?"

"போயிடும்."

"நெசமா?"

"போயிடும்னு சொல்றேன்ல."

மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் போனாள். பார்சலின் மேல் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: வீரம்மா, பணியக்கணக்கு, நாலாம் லயம், ரொக்ஸ்டன் தோட்டம்.

பணிய என்றால் கீழே. கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேக்கணக்கு, பணியக்கணக்கு. தோட்டத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். வட்டகொடைப் பக்கம் ஒரு பணியக்கணக்கில்தான் நான் பிறந்தேன். என் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது டவுனில் வாடகைக்கு இருக்கும் அறையின் முகவரியைத்தான் கொடுத்தேன். தோட்டத்து ஆட்களைக் கவுன்டரில் வைத்தால் கிளைக்கு மதிப்பில்லை என்று மனேஜர் யாரிடமோ போனில் சொன்னதை முதல் வாரமே என் காதால் கேட்டேன்.

அந்த மனேஜர் அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். லேபல் எல்லாம் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது அவருடைய புதுக் கட்டளை. 'பணியக்கணக்கு' என்பதில் விரலை வைத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

கீழ்ப்பிரிவு என்று சொல்லியிருக்கலாம். லோவர் டிவிசன் என்று அடித்தால் வேலை முடிந்தது. ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரோ என்று பயம். எதிர்க் கட்டடத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் போர்டு தெரிந்தது. அதில் 'பணியகம்' என்று எழுதியிருந்தது.

"பணியகம்னா ஆபீஸ், சேர். கணக்குன்னா அக்கவுன்ட்ஸ். ஆபீஸ் அக்கவுன்ட்ஸ்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

"அப்படியென்றால் அதையே போடு" என்றார். போட்டேன்.

பார்சல் வியாழக்கிழமை ரொக்ஸ்டன் தோட்டத்து ஆபீசுக்குப் போனது. கணக்கு எழுதும் கிளாக்கர், தன் பகுதியில் வீரம்மா என்று ஒருவரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டார். எங்கள் பையன் காலை பத்தரைக்கு இரண்டு தடவை வீரம்மாவின் போனுக்கு அடித்திருக்கிறான். அவள் மலையில் நின்றாள். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பார்சல் மறுபடியும் என் கவுன்டருக்கு வந்தது. பன்னிரண்டுக்குப் பூரணி வந்தாள்.

"வீரம்மா போன்ல அழுவுறா. சாமான் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். லேபலை வாசித்தாள். கார்மென்ட்ஸில் இருந்தவள், இங்கிலீஷ் எழுத்துத் தெரியும்.

"ஆபீஸ் அக்கவுன்ட்ஸ்? யாரு எழுதினது இத?"

"சிஸ்டம்ல அப்படித்தான் வந்திச்சு."

"சிஸ்டத்துக்குக் கை இருக்கா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சத்தம் கேட்டு மனேஜர் உள்ளே இருந்து வந்தார். முகவரி தெளிவாக இல்லை, அவள் பிழையாக எழுதிவிட்டாள் என்று நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே என் காது சுட்டது. பூரணியின் சிங்களம் என்னுடையதைவிட நல்ல சிங்களம். பணிய என்றால் கீழே, கணக்கு என்றால் டிவிசன் என்று அவருக்கு நிறுத்தி விளக்கினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இது உனக்குத் தெரியாதா?"

நான் வாய் திறப்பதற்குள் பூரணி கவுன்டரில் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னாள்.

"வட்டகொடை வீரய்யா அண்ணன் மகதானே நீங்க? போன மாசம் ஒங்கம்மாவுக்கு ரெண்டு நைட்டி அனுப்புனேன். அந்த அட்ரஸ சேர்கிட்ட வாசிச்சுக் காட்டவா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று மனேஜர் கேட்டார். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது சேர். தோட்டத்துப் பேச்சு எனக்கு விளங்காது."

பூரணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள், எல்லாவற்றையும் கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பார்சலைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு, மனேஜரிடம் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னாள்.

"அவங்கள ஏசாதீங்க சேர். அவங்களுக்கு எப்படித் தெரியும்? டவுன் ஆளு."

அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். மழை பிடித்துக்கொண்டது. அவள் பார்சலைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பூண்டுலோயா பஸ்ஸுக்கு ஓடுவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். இறங்கி ரொக்ஸ்டன் பணியக்கணக்குக்கு நடந்தே போக வேண்டும், ஒரு மணித்தியாலமாவது ஆகும். போய்ச் சேராமல் போனால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படியும் நினைத்தவள்தான் நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூரணியின் இணையப் பக்கத்தில் படம் வந்தது. மயில் கழுத்துத் தாவணியில் அந்தப் பிள்ளை, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற வீரம்மா. படத்துக்குக் கீழே, சாமான் அனுப்பும் வழிகள் என்று புதிதாக எழுதியிருந்தாள். தபால். பஸ். சனி ஞாயிறில் நேரில். கொரியர் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். எங்கள் கிளையின் பெயரோ என் பெயரோ எங்கும் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக எப்போது வருகிறாய் என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"பூரணிகிட்ட இன்னொரு நைட்டி சொன்னேன்" என்றாள். "நீ டவுன் ஆளாமே?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அட்ரஸ மாத்தணுமா, இல்ல பழைய பணியக்கணக்கேதானான்னு பூரணி கேக்குது. என்னா சொல்லட்டும்?"