‘நீயே சொல்லு’ சார்

என் தம்பி அறிவியல் ஆசிரியர். வீட்டில் அவன் வாயை மூட வைக்க ஆளில்லை; வகுப்பில் அவனைப் பேச வைக்க ஆளில்லை. பிள்ளைகள் எதைக் கேட்டாலும், “நீயே சொல்லு” என்பான். அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குப் பாடம் எடுத்தவர்கள் மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அதனால் இவன் எதற்குச் சம்பளம் வாங்குகிறான் என்று எனக்கே சந்தேகம். அவனிடம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், சாப்பிடும்போதுகூட நிழலைப் பற்றி அப்பாவோடு சண்டை போடுகிறாள் என்று அவள் அம்மா குறைசொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

மூன்று ஆண்டாக அவன் தற்காலிக ஆசிரியர். கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிலைக்கும்.

ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்போம், பிறகு கூடிப் பேசுவோம் என்று மற்ற ஆசிரியர்களை அழைத்தான்.

“எதுக்கு சார், வேவு பார்க்கவா?” என்றார் புவியியல் ஆசிரியர்.

கணக்கு ஆசிரியை மட்டும் வந்தார். அவர் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை; தம்பி வகுப்பில் ஓடியது. காற்று வாங்க வந்தவர் மின்விசிறியைச் சரிசெய்த பிறகும் வந்தார். கடைசியில் புவியியல் ஆசிரியரையும் இழுத்து வந்து பின்பெஞ்சில் உட்கார வைத்தார்.

அதிகாரி வரும் நாள் நெருங்கியபோது இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அன்றைக்கென்று பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால்? ஆளுக்கொரு பிள்ளையைப் பிடித்து, புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை உருப்போட வைத்தார்கள். தம்பியிடம் சொல்லவில்லை. ஒருவருக்கொருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதிகாரி உட்கார்ந்ததும் ஒரு பையன் எழுந்தான். “ஐயா, காலையில் நிழல் நீண்டும் நண்பகலில் குறுகியும் இருப்பதன் காரணம் யாது?”

அவன் உட்காருவதற்குள் ஒரு பெண் எழுந்து அதையே கேட்டாள், அந்த ‘யாது’ உட்பட.

அதிகாரி சிரித்துவிட்டார். “ரெண்டு பேர் கேட்டாச்சு. பதில் என்ன சார்?”

தம்பிக்குப் பழக்கதோஷம். “நீங்களே சொல்லுங்க சார்.”

அதிகாரி எழுந்து போய்க் கரும்பலகையில் ஒரு மரம், ஒரு சூரியன், ஒரு நிழல் வரைந்தார்.

“சூரியன் இந்தப் பக்கம் இருந்தா நிழல் அந்தப் பக்கம்ல சார் விழணும்?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

மணி அடித்தபோது அதிகாரி மைதான வெயிலில் பென்சிலை நிறுத்திப் பிடித்திருந்தார். பிள்ளைகள் அவரைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் அறிக்கை இப்படி வந்தது: முறை மிகச் சிறப்பு, எல்லா ஆசிரியர்களுக்கும் இவரே பயிற்சி தரவேண்டும். ஆனால் ஆசிரியர் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆகவே இப்போதைக்கு நிரந்தரம் இல்லை.

“அக்கா, எல்லாரும் என்கிட்டதான் கத்துக்கணுமாம். ஆனா எனக்குக் கத்துக்குடுக்கத் தெரியாதாம். வேற வேலை பார்த்துக்கறேன்” என்றான் தம்பி. அன்று வீட்டில்கூட அதற்கு மேல் அவன் பேசவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில், தம்பியை வைத்துக்கொண்டே புவியியல் ஆசிரியர் பொரிந்தார். “நிரந்தரமா இருக்கற நாங்க, ஒரு தற்காலிகத்துக்கு முன்னாடி கைகட்டி உட்காரணுமா? கௌரவம்னு ஒன்னு இருக்கு சார்!”

தம்பியின் முகம் செத்துவிட்டது. தலைமையாசிரியரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். திறமை என்று பேசியிருந்தால் யோசித்திருப்பார். கௌரவம் என்றதும் உடனே புரிந்தது. “அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

“ஒன்னு பயிற்சியை நிறுத்துங்க. இல்லன்னா அவரை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுங்க” என்றார் கூடவே வந்திருந்த கணக்கு ஆசிரியை.

பயிற்சி அதிகாரியின் உத்தரவு, நிறுத்த முடியாது. தலைமையாசிரியர் எழுதினார். அதிகாரியும் மறுக்கவில்லை.

ஆணை வரும்வரை தம்பி அந்த இருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்த அன்று கணக்கு ஆசிரியை அவன் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“இன்னும் கோவமா சார்? இந்தத் தடவையாவது நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு தலைமையாசிரியர்கிட்டப் போனோமே!”