பெரிய பேஸ் எட்டிய தூரம்

ஞானமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி போடியில், ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவில் வந்தது. காய்ச்சல் என்று அன்று அவர் வாசிக்க வரவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு மீதிப் பாட்டையும் வாசித்தேன். மாப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தியிருந்தால் அண்ணனே என்னைத் திட்டியிருப்பார். அவரோடு வாசித்த எல்லோருக்கும் அது தெரியும்.

எங்கள் பேண்டு செட்டுக்கு நான் மாஸ்டர், டிரம்பெட் வாசிப்பேன். அவர் டியூபா. அடிக்குரலில் முழங்கும் அந்த வளைந்த பித்தளைக் குழலை நாங்கள் பேஸ் என்போம். அவருடையது பெரிய டியூபா. வாய் வைக்கும் மவுத்பீஸும் அகலமாக, ஆழக் குழிந்தது. பக்கத்தில் நிற்பவருக்கு அதன் சத்தம் தெளிவாக விழாது. மேலே போய், எங்கோ தூரத்தில் இறங்கும். அதைச் சோதிக்க அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாய்க்காலுக்கு அக்கரையில் திராட்சைத் தோட்டம் பார்க்கும் பாண்டி, பேஸ் காதில் விழுந்ததும் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். என் டிரம்பெட் அந்தத் தூரம் போனதில்லை. துண்டு எழுந்ததும் அண்ணன், "அங்கன போயிருச்சு மாஸ்டர்" என்பார், யாரையோ வழியனுப்பிய மாதிரி. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

நாலு வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டார், "இத்தாம் பெருசை வச்சுக்கிட்டுச் சத்தத்தையே காணோமே" என்று வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நான் சின்ன டியூபாவும் குழி குறைந்த மவுத்பீஸும் வாங்கிக் கொடுத்தேன். வீடியோவில் பளிச்சென்று கேட்டது. அண்ணன் மட்டும், "இது மண்டபத்தோட நின்னுரும் மாஸ்டர். நான் இருக்கேன்னு அங்கனக்குத் தெரியாது" என்றார். பெரியது என் வீட்டுப் பரணில் கிடந்தது. துண்டு அதன்பின் எழவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். கொடுக்கவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று அதைப் பரணிலிருந்து இறக்கினேன். எங்களில் யாருக்கும் அதை ஊதும் மூச்சில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியில் வைத்தோம். மவுத்பீஸ் என் சட்டைப்பையில் இருந்தது. நல்ல நடுப்பகலில், பேஸ் இல்லாமலே வாசித்தபடி வாய்க்கால் கரையில் போனோம்.

அக்கரையில் துண்டு எழுந்தது.

டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது பாண்டி பாலத்தில் நின்றிருந்தார். "எறந்தது யாருன்னு தெரியலை மாஸ்டர். ஆனா வாசிச்சது அண்ணன்தேன். பழைய பேஸுக்கே வந்துட்டாக போல. இன்னைக்குத்தேன் இங்கன வரைக்கும் கேட்டுச்சு" என்றார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எங்க, அவுகளைக் காணோம்?"

நான் சொன்னேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மவுத்பீஸ். அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் எங்கேயும் வாசிக்கச் செல்கிறேன். பாண்டிக்கு இப்போது எல்லாம் தெரியும். ஆனாலும் நாங்கள் அந்தக் கரையில் போகும்போதெல்லாம் துண்டு எழுகிறது. அங்கே மட்டும் நான் டிரம்பெட்டை இறக்கிவிடுகிறேன். அண்ணன் வாசிக்கட்டும்.