ஐஸ் அறையில் அக்காரவடிசல்

அறுபதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு ரயில்வே அதிகாரியிடம் அப்பா பழையதாக வாங்கினார். அதில் என்னென்ன மாமிசம் இருந்ததோ என்று அம்மா புளி போட்டுத் தேய்த்தாள். அது போதாதென்று வாத்தியாரை வரவழைத்துத் தீட்டுக் கழியப் புண்யாகவாசனமும் பண்ணினாள். அப்படியும் தளிகை நடக்கும் சமையலறைக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை, கூடத்தில்தான் நின்றது. பால், தயிர், பூ வைக்கலாம்; காய்கறியும் வைக்கலாம், வெங்காயம் மட்டும் எங்கள் வீட்டுப் படியே ஏறாது. சாதம், குழம்பு கூடாது. சமைத்த சாதம் பட்டால் ‘பத்து’. அப்புறம் பாலும் தயிரும் பெருமாளுக்கு ஆகாது.

பங்குனியில் அதன் ஐஸ் அறைக் கதவு மூடமாட்டேன் என்றது. உள்ளே பனி இறுகிப்போய், மோட்டார் பகலெல்லாம் உறுமியது.

“இன்னிக்கே காலி பண்ணி அலம்பிடணும்” என்றார் அப்பா.

“நாளைக்குப் பாத்துக்கலாமே” என்றாள் அம்மா. வேலையைத் தள்ளிப்போடுகிற ஆசாமி இல்லை அவள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

நாளை என்றால் கேட்கிற ஆளா அப்பா? சுவிட்சை அணைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்தார். அதற்கும் பொறுமையில்லாமல் திருப்புளியால் குத்தப் போனார். நான் பிடுங்கி வைத்தேன். ஐஸ் இளகியதும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். எதிர்வீட்டு மாமியின் கறுத்த மல்லிகைப் பந்து, கல்லாகிவிட்ட எலுமிச்சம்பழங்கள், யாரோ வைத்துவிட்டு மறந்த வெண்ணெய். தெருவுக்கே நாங்கள்தான் கிடங்கு. கடைசியில், பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வந்தது. மூடியைத் திறந்தால், பாலிலும் வெல்லத்திலும் குழைந்த சாதம், அக்காரவடிசல்.

அப்பா எட்டிப் பார்த்தார். “சாதத்தை யாரு இதுக்குள்ள வெச்சது?”

“கூடாரையன்னிக்குப் பெருமாள் அமுது பண்ணினது. பிரசாதத்துக்கு ஏது பத்து?” என்றாள் அம்மா.

“மார்கழியிலேர்ந்தா? யாருக்கு?”

அம்மா தரைத்துணியை எடுத்தாள். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஆவணியில்தான் அக்கா, தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு திருவானைக்காவலுக்குப் போயிருந்தாள். கூப்பிடு தூரம். ஆனால் நாங்கள் நாமம் போடுகிறவர்கள், அவர்கள் விபூதி இட்டுக்கொள்கிற குடும்பம். “இனிமே அவ பேரை இந்த ஆத்துல யாரும் எடுக்கப்படாது” என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா பேரை எடுக்கவில்லை, பங்கை எடுத்து வைத்திருந்தாள்.

“தூக்கிப் போடு” என்றார் அப்பா.

“பிரசாதத்தையா?”

அவரே சாப்பிட்டுவிடலாம் என்றால் சர்க்கரை வியாதி. “நீ சாப்பிடு” என்று என்னைப் பார்த்தார்.

“அக்காவுக்குன்னு வெச்சது எனக்கு வேண்டாம்” என்றேன். அறை விழும் என்றுதான் நினைத்தேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தூக்கைக் கையில் எடுத்தார். “ஆத்துல விட்டுட்டு வரேன்.”

காவிரி நடக்கிற தூரம்தான். அம்மா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாமேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணின் பங்கைக் கொண்டுபோய் மீனுக்குப் போடுகிறவரும் ஒரு அப்பாவா?

உச்சி வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார். அம்மாவிடம் தூக்கை நீட்டினார். வாங்கும்போதே கை தாழ்ந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே மாவடு. கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது.

“ஆத்துல விடறேன்னு சொன்னேளே?”

“ஆத்துலதான் குடுத்தேன். அவ ஆத்துல.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வரா.”

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அழுகையின் நடுவிலேயே அம்மா கேட்டாள்:

“மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேளா?”

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்டேன்.

“கேக்கலை” என்றார் அப்பா. “வெங்காய சாம்பார்னு சொல்லிட்டா என்னடீ பண்றது?”