அவர் அளந்த தேவாலயம்

வங்காளத்தில், பவானிபூரில் நாங்கள் குடித்தனம் வைத்த வருஷம் என் கணவருக்கு ஒரு தேவாலயத்தின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. அவருக்கு அலிப்பூரில் சர்க்கார் கட்டட ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். ஹூக்ளி ஆற்றின் நடுவே ஒரு தீவு. அதிலிருந்த பழைய தேவாலயத்தை ஆறு கொண்டுபோவதற்குள் அளந்து வரைந்துவிடும்படி ஆபீஸ் துரை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூடப் படகேறிவிடுவார். பாஷை தெரியாத ஊரில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்தாலும் அதே பேச்சுத்தான். அவர் மயங்கினது வேறொரு பெண்ணிடமாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அப்படி என்னதான் இருக்கு அங்கே? நானும் வரேன்" என்றேன் ஒருநாள்.

"ஒரே சேறுடீ."

"இருக்கட்டும்."

கூட்டிப்போனார். தேவாலயம் நான் நினைத்ததைவிடச் சின்னது. கப்பல் உடைந்து கரையேறிய போர்ச்சுக்கீசியத் துறவி ஒருவர் கட்டியதாம். மெல்லிய செங்கல், சுண்ணாம்பு. கொத்தனார்கள் உள்ளூர்க்காரர்கள். அதனால் கூரை வங்காளத்துக் குடிசை மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியது. வடக்குச் சுவரை ஒட்டித் துறவியின் அறை. அதற்கு ஜன்னலே இல்லை. பலிபீடத்தைப் பார்க்க ஒரு இடுக்கு மட்டும்.

அந்த அறைக்குள் போய் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் பலிபீடத்து வளைவை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். என் தலையை ஒருநாளும் அப்படித் தடவியதில்லை.

"எங்கே போயிட்டே? அளவு நாடாவோட இந்த நுனியைப் பிடி" என்று கூப்பிட்டார். போய்ப் பிடித்தேன். அதன்பிறகு ஞாயிறுதோறும் நானும் போனேன். அவரை அதனோடு தனியே விட எனக்கு மனசில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் முதல் குழந்தை பிறந்து, தங்காமல் போயிற்று. அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் நான் பார்க்கவில்லை.

அடுத்த மழையில் கரை சரிந்து தேவாலயம் ஆற்றுக்குள் போய்விட்டது. ஆபீசில் செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து விசும்பி அழுதார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"செங்கல்லுக்கு அழறேளே! நம்ம குழந்தைக்கு அழுதேளா?"

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நீ அழுதுண்டிருந்தே. நானும் அழுதா உன்னை யார் பாத்துப்பா?"

அதை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் அவர் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.